கடலுக்கு ஒரு பேரேடு

போன மாதம் திருவனந்தபுரம் ஆரியசாலையில் மாசி கேட்டபோது, "கப்பலு வரட்டும், தாரேன்" என்றார் கடைக்கார அண்ணாச்சி. மினிக்காய்த் தீவில் சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் நாள்கணக்கில் காயப்போடுவார்கள். கடைசியில் அது விறகுக் கட்டைபோல இறுகிவிடும். அதுதான் மாசி. தேங்காய், வற்றல் மிளகாயோடு இடித்து வைத்தால் ஒரு சட்டிக் கஞ்சி தானாக இறங்கும்.

"கடலு சரியில்ல போல, அண்ணாச்சி" என்றேன்.

"கடலு எப்பம் வே சரியா இருந்துச்சு?" என்று சிரித்தார். திராசை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு பழைய கதையை எடுத்தார். 1990-களில் கயிறும் ஆணியும் பெயிண்டும் ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து அந்தமானுக்கு மூன்று நான்கு முறை போய்வந்தவர் அவர். பங்க் கிளாஸ் டிக்கெட். அறைக்குள் புழுக்கம் தாங்காமல் பெரும்பாலும் மேல்தட்டில்தான் படுக்கை.

"கப்பலுக்குப் பின்னால ஒரு ஆளு நிப்பான் பாத்துக்கிடும். கையில துப்பாக்கி மாதிரி ஒரு சாமானம். கடலப் பாத்து நீட்டுவான். அதுலேருந்து ஒரு குழலு டொப்புன்னு வெள்ளத்துல விழும். ரெண்டு நிமிஷம் அனங்காம நிப்பான். பொறவு உள்ள போயிருவான். நாலு மணிக்கூறு கழிச்சு திரும்பியும் வருவான். ராத்திரி ரெண்டு மணிக்கும் விடமாட்டான். நாங்க அஸ்தி கரைக்கான்னுல்லா நெனச்சோம். ஒரு மனுசனுக்கு எத்தன அஸ்தி வே இருக்கும்?"

அஸ்தி இல்லை. கடலுக்குக் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

அண்ணாச்சி பார்த்த குழலுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் எக்ஸ்பிடி. ஒருமுறை போட்டால் திரும்பி வராத வெப்பமானி. மூக்கில் கனத்துக்காகத் துத்தநாகம், அதன் நடுவே வெப்பத்தை உணரும் ஒரு சிறு பொட்டு, வயிற்றுக்குள் முடியைவிடச் சற்றே தடித்த செப்புக் கம்பிச் சுருள். இதே போன்ற இன்னொரு சுருள் கப்பலில் இருக்கும் குப்பியிலும் உண்டு. குழல் தண்ணீருக்குள் இறங்க இறங்க உள்ளே இருக்கும் சுருள் பிரியும். கப்பல் முன்னால் போகப் போக மேலே இருக்கும் சுருள் பிரியும். இரண்டு பக்கமும் பிரிவதால் கம்பி இழுபடாது, அறுந்துபோகாது. கப்பலும் நிற்க வேண்டியதில்லை. முழுச் சூட்சுமமும் இதில்தான். நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு போகும் கப்பலின் கேப்டனிடம் போய், "ஐயா, கொஞ்சம் நிறுத்துங்கள், தெர்மாமீட்டர் போட வேண்டும்" என்று யாரும் கேட்க முடியாது.

குழலின் மூக்கு தண்ணீரைத் தொட்ட நொடியில் கடல்நீரே மின்சுற்றை மூடிவிடும். கருவி எண்ணத் தொடங்கும். நொடிக்குச் சுமார் ஆறரை மீட்டர் வேகத்தில் இறங்கி, இரண்டு நிமிடத்தில் 760 மீட்டர் ஆழம். அதோடு கம்பி தீர்ந்து அறுந்துபோகும். அறைக்குள் திரையில் ஒரு கோடு வரையப்பட்டிருக்கும்: மேலே 29 டிகிரி, 50 மீட்டர் வரை கிட்டத்தட்ட அதே சூடு, பிறகு மலைச்சரிவில் கல் உருள்வதுபோலச் சடசடவென இறக்கம், அடியில் பத்துக்குப் பக்கம். கம்பி கப்பலின் கைப்பிடிக் கம்பியில் உரசினாலும் போதும், கோடு பேய் பிடித்ததுபோல ஆடும். அப்போது இன்னொரு குழலை எடுத்து மறுபடி போட வேண்டும். மழையில், ஆட்டத்தில், குமட்டலோடு, நள்ளிரவில்.

கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் 1990-ல் இந்த வேலையைத் தொடங்கியது. சென்னை–போர்ட் பிளேர், போர்ட் பிளேர்–கொல்கத்தா வழித்தடங்களில் ஓடிய பயணிகள் கப்பல்களில் அந்நிறுவனத்தின் ஆட்கள் ஏறினார்கள். பிறகு ஹைதராபாத்தில் 1999-ல் அமைந்த இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், செலவை ஏற்றுக்கொண்டது. 2002-லிருந்து கொச்சிக்கும் லட்சத்தீவுக்கும் இடையே ஓடும் கப்பல்களிலும் குழல் போட ஆரம்பித்தார்கள். வி.வி. கோபாலகிருஷ்ணா போன்ற கடலியலாளர்களின் பெயர் இந்தத் தரவுகளை வைத்து வந்த ஆய்வுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும்.

ராஜுலா, சிதம்பரம் என்ற கப்பல்களின் பெயரைச் சொன்னாலே கப்பலேறிய குடும்பங்களுக்கு நெஞ்சில் ஏதோ அசையும். நான்கவுரி, நிக்கோபார், ஸ்வராஜ் த்வீப், திப்பு சுல்தான், பாரத் சீமா என்ற பெயர்களுக்கு அந்தப் பாக்கியம் இன்னும் வரவில்லை. மருத்துவமனைக்குப் போகும் தீவுக்காரர், கல்லூரிக்குப் போகும் பிள்ளை, அரிசி மூட்டை, அண்ணாச்சியின் ஆணிப் பெட்டி. இவையெல்லாம் போகும் கப்பல்கள். அவற்றின் முதுகில் ஓசியில் ஏறிக்கொண்டது கடலியல்.

ஏன் பயணிகள் கப்பல்? நம்மிடம் ஆராய்ச்சிக் கப்பல்கள் இல்லாமல் இல்லை. 1983-ல் சாகர் கன்யா வந்தது, 1984-ல் சாகர் சம்பதா வந்தது. ஆனால் ஆராய்ச்சிக் கப்பல் கல்யாண வீட்டுச் சமையல்காரர் மாதிரி. ஒரு நாள் வந்து பிரமாதமாகச் சமைத்துவிட்டுப் போவார். அந்த வீட்டில் தினமும் என்ன வேகிறது என்று அவருக்குத் தெரியாது. பல நிறுவனங்கள் வரிசையில் நிற்க, ஒரே இடத்துக்கு ஆராய்ச்சிக் கப்பல் மறுபடி வர வருடங்கள்கூட ஆகலாம். பயணிகள் கப்பலோ கால அட்டவணைக்குக் கட்டுப்பட்டது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர், இன்றைய அரசுப் பெயரில் ஸ்ரீ விஜயபுரம், சுமார் 1,360 கிலோமீட்டர், இரண்டரை மூன்று நாள். விஞ்ஞானிக்கு அங்கே வேலை இருக்கிறதோ இல்லையோ, கப்பல் போகும். அதே வழியில் திரும்பி வரும்.

அண்ணாச்சியின் மேசையில் ஒரு நீளமான பேரேடு உண்டு. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அதை விடவில்லை. ஹர்த்தால் அன்றுகூடத் தேதி போட்டு, எதிரே ஒரு கோடு இழுத்து வைத்திருப்பார். "ஒண்ணும் விக்காத நாளையும் எழுதணும் வே. அப்பந்தான் வித்த நாளு எதுன்னு தெரியும்." எந்தக் கடலியல் பேராசிரியரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. புயலடித்த வாரத்தில் கடல் சூடாக இருந்தது என்று சொல்ல, புயலடிக்காத ஐம்பது வாரத்தின் சூடு தெரிந்திருக்க வேண்டும்.

வங்காளத்துத் தண்ணீர் வேளிக்கு வரும் கதை

சரி, அப்படி எழுதிய கணக்கில் திருவனந்தபுரத்துக்காரருக்கு என்ன பங்கு?

சங்குமுகத்திலோ வேளியிலோ நின்று பார்த்தால் தெரிவது அரபிக்கடல். பெயர் அப்படி. ஆனால் மார்கழி, தை மாதங்களில் அங்கே காலை நனைக்கும் தண்ணீரில் ஒரு பங்கு கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கொண்டுவந்து கொட்டியது. தென்மேற்குப் பருவமழை முடிந்ததும் வங்கக்கடலின் வடக்குப் பக்கம் உப்புக் குறைந்து கிடக்கும். அக்டோபர் வாக்கில் கிழக்குக் கரையை ஒட்டி நீரோட்டம், நம் மீனவர் சொல்லும் நீவாடு, தெற்கு நோக்கித் திரும்பும். உப்புக் குறைந்த அந்தத் தண்ணீர் ஆந்திரக் கரை, தமிழகக் கரை என்று இறங்கி, இலங்கையைச் சுற்றி, கன்னியாகுமரிக்குத் தெற்கே வளைந்து, லட்சத்தீவுக் கடலுக்குள் நுழையும்.

இந்த ஓட்டத்தின் கிழக்குக் கரைப் பகுதியைப் பிடித்துக் காட்டியவர்கள் மீனவர்கள். கரையோரத்தில் சில இடங்களில் ஐந்து நாளைக்கு ஒருமுறை அவர்கள் குப்பியில் கடல்நீர் எடுத்துக் கொடுத்தார்கள். அதை வைத்து, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் அகலத்தில் நன்னீர் கலந்த ஒரு பட்டை கரையை ஒட்டித் தெற்கே ஓடுவதை 2014-ல் ஆராய்ச்சிக்காரர்கள் வெளியிட்டார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே அதைக் கடலுக்குள் ஓடும் ஆறு என்று சொல்லியிருந்தார்கள். கடல் ஆராய்ச்சியில் எனக்குப் பிடித்த கட்டுரைகளில் இது ஒன்று. நீர் எடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை, கடலுக்குத் தினமும் போகிறவர்களின் கை மட்டும்தான்.

அந்த ஆறு மேற்கே திரும்பிய பிறகு என்ன ஆகிறது என்பதற்கான தடயங்களில் ஒரு பங்கு லட்சத்தீவுக் கப்பல்கள் கொடுத்தவை. உப்புக் குறைந்த தண்ணீர் எடை குறைந்தது. பால்மேல் ஆடைபோல அது மேலே மிதக்கும். கீழே இருக்கும் குளிர்ந்த நீரோடு எளிதில் கலக்காது. குளிர்காலத்தில் இங்கே ஒரு வேடிக்கையும் நடக்கும். மேல்தண்ணீர் சற்றே குளிர்ந்து, அதற்குக் கீழே உள்ள அடுக்கு அதைவிடச் சூடாக இருக்கும். ஆழம் போகப் போகக் குளிர வேண்டும் என்பது பள்ளிப் பாடம். லட்சத்தீவுக் கடல் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை. மார்ச் வந்து வெயில் ஏறினால், விழும் சூடெல்லாம் அந்த மெல்லிய ஆடைக்குள்ளேயே தங்கிவிடும். சித்திரை, வைகாசியில் 30 டிகிரியைத் தாண்டும். உலகக் கடல்களிலேயே அந்தச் சமயத்தில் மிகச் சூடான இடங்களில் ஒன்று நம் வாசலில் இருக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்குள் நுழைவதற்கு முன் சில ஆண்டுகளில் ஒரு சுழல் உருவாகுமே, அது பிறப்பது இந்தச் சூட்டுத் திட்டின் பக்கம்தான்.

இதை 1999-லேயே தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஷெனாய், சங்கர், ஷெட்டியே ஆகியோர் ஒரு கட்டுரையில் விளக்கியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அந்தச் சூட்டுத் திட்டு ஒரே மாதிரி இருக்கிறதா, எந்த ஆண்டு தடித்தது, எந்த ஆண்டு மெலிந்தது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. அதற்குத் தெரிவது கடலின் தோல் மட்டும். தோலுக்கு அடியில் ஐம்பது மீட்டரில், நூறு மீட்டரில் என்ன என்று பார்க்க ஏதாவது உள்ளே இறங்கியாக வேண்டும். 2002 முதல் 2008 வரை அந்தப் பயணிகள் கப்பல்கள் போட்ட குழல்களைக் கொண்டு, ஆண்டுக்கு ஆண்டு மட்டுமல்ல, வாரங்களுக்குள்ளேயே இந்த அடுக்குகள் எப்படி மூச்சு விடுகின்றன என்பதைப் பிறகு எழுதினார்கள்.

2017 நவம்பர் 30-ஐ ஆரியசாலையில் யாரும் மறக்கவில்லை. பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் தூத்தூரிலிருந்தும் கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையில் ஆட்கள் நின்ற நாள். கன்னியாகுமரிக்குத் தெற்கே கிடந்த காற்றழுத்தத் தாழ்வு காலையில் ஒக்கிப் புயலாகி, மறுநாளுக்குள் மிகத் தீவிரப் புயலாகிவிட்டது. லட்சத்தீவுக் கடல் வழியாகத்தான் போனது. அதன் வலுவுக்குக் கடலின் சூடு மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். காற்றின் கணக்கு வேறு. ஆனாலும் ஒரு புயல் எத்தனை நேரத்தில் எவ்வளவு வலுக்கும் என்று கணிக்கிறவருக்கு, அதன் காலடியில் எத்தனை மீட்டர் ஆழத்துக்குச் சூடு தேங்கிக் கிடக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும்.

பாம்புச் சுருளும் வாளித் தண்ணீரும்

போகிற கப்பலிலேயே ஏறிக் கடலை அளக்கும் இந்த முறை ஒன்றும் புதிதல்ல. சொல்லப்போனால் புயலுக்கு ஆங்கிலத்தில் 'சைக்ளோன்' என்று பெயர் வந்ததே வணிகக் கப்பல்களின் பதிவேட்டிலிருந்துதான். ஹென்றி பிடிங்டன் ஒரு காலத்தில் வணிகக் கப்பல் கேப்டன். பிறகு கல்கத்தாவில் தங்கிவிட்டார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் லாக் புத்தகங்களை வாங்கி, எந்த மணிக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்று பிரித்துப் பிரித்து எழுதுவது அவருக்குப் பைத்தியம். 1845-ல் மொரீஷியஸ் அருகே சார்லஸ் ஹெடில் என்ற கப்பல் புயலில் மாட்டியது. அதன் கேப்டன் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நாள்கணக்காக ஓடினார். ஓடி முடித்துப் பார்த்தால் புறப்பட்ட இடத்திலிருந்து வெகுதூரம் போகவில்லை. புயலின் மையத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது கப்பல். அந்த லாக் புத்தகத்தை வைத்துப் பிடிங்டன் கோடு போட்டபோது தாளில் சுருள் சுருளாக விழுந்தது. பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848-ல் அவர் எடுத்த பெயர்தான் சைக்ளோன். கல்கத்தாவுக்குத் தெற்கே மாட்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டாதீர்கள், புயலலை கொண்டுபோய்விடும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்குக் கடிதமும் எழுதினார். கேட்கவில்லை. போர்ட் கேனிங் எழுந்தது. 1867-ல் புயல் வந்து அடித்துக்கொண்டு போனது. பிடிங்டன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அதே 1853-ல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே மாதிரி வானிலைக் குறிப்பு எழுத வேண்டும் என்று முடிவு செய்தன. முன்னின்றவர் அமெரிக்கக் கடற்படையின் மேத்யூ மோரி. அவர் செய்த பேரம் எளிமையானது: உன் குறிப்பைக் கொடு, எல்லோருடைய குறிப்பையும் சேர்த்து வரைந்த வரைபடத்தைச் சும்மா தருகிறேன். சாலைக் கடைத்தெரு வியாபாரிகளே ஒத்துக்கொள்ளும் பேரம்.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு மூலை உண்டு. 1837-ல் சுவாதித் திருநாள் காலத்தில் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அதற்கு முன் அவர் ஆலப்புழைத் துறைமுகத்தில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவர். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய கை அப்படியே தொலைநோக்கியைத் திருப்பியது. ஆலப்புழைத் துறைமுகத்தையும் நம் சாலைக் கடைத்தெருவையும் உருவாக்கியவர் ஒரே ஆள்தான், பதினெட்டாம் நூற்றாண்டுத் திவான் ராஜா கேசவதாசன். இன்னும் பின்னால் போனால், பக்கத்து வலியசாலையோடு சேர்த்துச் சொல்லப்படும் காந்தளூர்ச் சாலை. ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் அங்கே அறுக்கப்பட்ட 'கலம்' கப்பலா, சோறு உண்ணும் பாத்திரமா என்று தமிழறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் கட்சி இல்லை. கப்பலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை மட்டும் உண்டு.

மோரியின் பேரத்திலிருந்து இன்றுவரை கப்பல்கள் எழுதிய கோடிக்கணக்கான குறிப்புகள் ஒரே உலகத் தொகுப்பாகச் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. மேற்கு இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1901-லிருந்து 2012-க்குள் கோடைக்காலத்தில் 1.2 டிகிரி சூடாகிவிட்டது என்று புனேவைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோலும் அவரோடு சேர்ந்தவர்களும் 2014-ல் எழுதினார்களே, 1901-ல் அந்தக் கடலை அளந்தது யார்? செயற்கைக்கோளா? ஏடனுக்கும் பம்பாய்க்கும் கொழும்புக்கும் போன நீராவிக் கப்பல்களின் அதிகாரிகள். கயிற்றில் வாளி கட்டி இறக்கி, மேலே தூக்கி, வெப்பமானியை முக்கி, நோட்டில் எழுதினார்கள்.

அந்த வாளியும் பொய் சொல்லும். கான்வாஸ் வாளி என்றால் தண்ணீர் ஆவியாகி, மேலே வருவதற்குள் குளிர்ந்துவிடும். மரவாளி அவ்வளவு குளிராது. இரண்டாம் உலகப்போரில் இரவில் தட்டில் விளக்குப் போட்டால் எதிரிக்குத் தெரியும் என்பதால், இயந்திர அறைக்கு வரும் தண்ணீரின் சூட்டைக் குறித்தார்கள். அது சற்றே கூடுதலாகக் காட்டும். 1945-ல் போர் முடிந்ததும் பழையபடி வாளிக்காரர்களின் பங்கு கூடியது. விளைவு, உலகக் கடல்களே திடீரென்று குளிர்ந்ததுபோல வரைபடத்தில் ஒரு சறுக்கல். காரணம் கடலில் இல்லை, வாளியில் என்பதை 2008-ல்தான் ஒரு குழு எடுத்துக் காட்டியது.

எக்ஸ்பிடிக்கும் இதே தலைவிதி. அது ஆழத்தை அளப்பதில்லை. விழும் நேரத்தைப் பார்த்து ஆழத்தைக் கணக்குப் போடுகிறது. குழல் நினைத்ததைவிட வேகமாகவோ மெதுவாகவோ விழுந்தால் ஆழம் தவறும். சூடு தவறான இடத்தில் ஏறி உட்காரும். 2007-ல் இந்தப் பிசகு பெரிதாக வெளிவந்தது. 1970-களில் கடல் ஒருமுறை வீங்கிச் சூடாகிப் பிறகு ஆறியதுபோலத் தெரிந்த மேடு, திருத்தியதும் பெரும்பகுதி மறைந்துபோனது. பழைய குறிப்புகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் திருத்த முடிந்தது.

இன்னொரு குறையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பயணிகள் கப்பல் புயலைக் கண்டால் விலகும், துறைமுகத்திலேயே நிற்கும். அதனால் அது எழுதும் பேரேட்டில் நல்ல நாள்கள் கூடுதலாகவும் கெட்ட நாள்கள் குறைவாகவும் இருக்கும். கடல் உண்மையில் இருப்பதைவிடச் சாதுவாகத் தெரியும். தவிர, ஒவ்வொரு குழலும் செம்பும் துத்தநாகமும் பிளாஸ்டிக்குமாகக் கடலடியில்தான் கிடக்கிறது. அளக்கிறோம் என்ற பெயரில் நாமும் கொஞ்சம் குப்பை போட்டிருக்கிறோம்.

காற்றுக்கும் கணக்கு

தண்ணீரைப் பற்றியே பேசிவிட்டேன். ஆரியசாலையிலிருந்து தும்பா அரை மணி ஓட்டம். அங்கே விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் பார்ப்பது காற்று. காற்றில் மிதக்கும் தூசி, புகைக்கரி, உப்புத் துகள் ஆகியவற்றை 1980-களின் நடுவிலிருந்தே அங்கே அளக்கிறார்கள். 1999-ல் வீ. ராமநாதன், பால் குருட்சன் ஆகியோர் முன்னின்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வில்தான், குளிர்காலத்தில் நம் அடுப்பும் வண்டியும் ஆலையும் கக்கும் புகை கடல்மேல் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் படுதாபோலப் படர்ந்து கிடப்பது தெளிவாகத் தெரிந்தது. பிறகு கே. கிருஷ்ணமூர்த்தி தலைமையில் 2006-லும் 2008–09 குளிர்காலத்திலும் சாகர் கன்யாவில் போய் அளந்தார்கள். அதெல்லாம் ஆராய்ச்சிக் கப்பலின் வேலை. இரண்டு மாதம் பிரமாதமான சமையல்.

காற்றுக்குத் தினசரிச் சமையல்காரரைத் தேடியவர்கள் ஜெர்மானியர்கள். பயணிகள் கப்பலுக்குப் பதில் பயணிகள் விமானம். லுப்தான்சாவின் ஏர்பஸ் ஒன்றின் சரக்கு அறையில் ஒன்றரை டன் எடையுள்ள ஒரு பெட்டி. அதற்குள் முழு ஆய்வுக்கூடம். 2008-ல் அந்த விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் சென்னைக்கும் பல மாதம் போய்வந்தபோது, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் காற்றை உறிஞ்சிப் பிடித்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரும் மீத்தேனை மேகங்கள் லிஃப்ட்போல மேலே ஏற்றிக் குவிப்பது அந்தத் தரவில் தெரிந்தது. மீனம்பாக்கத்தில் இறங்கிய பயணிகள் தங்கள் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, பயணம் முழுக்க அவர்கள் காலுக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டி தஞ்சாவூரின் காற்றையோ பிகாரின் காற்றையோ சுமந்து வந்திருக்கலாம்.

உல்லாசக் கப்பல்காரர்களும் இதில் இறங்கினார்கள். எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ் என்ற பிரம்மாண்டக் கப்பலில் 2000-லிருந்து 2007 வரை மயாமி பல்கலைக்கழகம் இரண்டு ஆய்வகங்களை நடத்தியது. ஒன்று கடலுக்கு, ஒன்று காற்றுக்கு. கரீபியன் கடலில் நீச்சல்குளமும் சூதாட்ட அரங்கும் இருந்த அதே கப்பலில், வாராவாரம் ஒரே வழியில் நீரோட்டமும் கரியமில வாயுவும் அளக்கப்பட்டன. ஐரோப்பாவில் ஃபெர்ரி பாக்ஸ் என்று ஒரு ஏற்பாடு. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஓடும் படகுக் கப்பலின் அடியில் ஒரு குழாய், கடல்நீர் உள்ளே வந்து கருவிகள் வழியாக ஓடி மறுபடி கடலுக்கே போய்விடும். ஆள் வேண்டாம், தூக்கம் கெட வேண்டாம். 2020-ல் கொரோனா உல்லாசக் கப்பல்களைத் துறைமுகத்தில் கட்டிப் போட்டபோது அவற்றில் இருந்த கருவிகளும் சேர்ந்து படுத்துவிட்டன. அடுத்தவர் வண்டியில் ஏறினால் அவர் நிறுத்தும்போது நாமும் இறங்க வேண்டியதுதான்.

இப்போது நம் வாசலில் கதை மாறியிருக்கிறது. 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ என்ற தாய்க்கப்பல் விழிஞ்ஞத்துக்கு வந்தது. 2025 மே 2-ல் துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. அதே மாதம் 25-ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 கவிழ்ந்து மூழ்கியது. மாலுமிகள் அத்தனை பேரும் தப்பினார்கள். 640 பெட்டிகள் தப்பவில்லை. சில நாளில் பருப்புபோலப் பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கின. அந்த மணிகள் எந்தப் பக்கம் போகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் வேலை இன்காய்ஸ் தலையில் விழுந்தது. அத்தகைய கணக்குக்குக் கை கொடுப்பது, பல ஆண்டுகளாக நீவாட்டின் போக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சேர்த்துவைத்த குறிப்புகள்தான்.

என் ஆசை விழிஞ்ஞத்தில் இல்லை, நாகப்பட்டினத்தில். 2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு மறுபடி புறப்பட்ட நாகை–காங்கேசன்துறைச் சேவையைச் சொல்கிறேன். நான்கு மணி நேரப் பயணம். அண்டாவில் புடவையும், பையில் பனங்கற்கண்டும், கையில் பாஸ்போர்ட்டுமாக மக்கள் போய்வரும் அந்த வழி, பாக் நீரிணையைக் குறுக்கே வெட்டுகிறது. ஆழம் குறைந்த கடல். பெரிய ஆராய்ச்சிக் கப்பல் நுழையத் தயங்கும் இடம். வங்கக்கடலின் உப்புக் குறைந்த நீரில் எவ்வளவு இந்தச் சந்து வழியாக மன்னார் வளைகுடாவுக்குள் கசிகிறது என்று பார்க்க, இதைவிடத் தோதான ஒரு கப்பல் எனக்குத் தோன்றவில்லை. அடியில் ஒரு குழாய், ஒரு சூடு காட்டி, ஒரு உப்புக் காட்டி. கப்பல்காரர் டிக்கெட் கேட்க மாட்டார் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் அண்ணாச்சியிடம் நேற்றுப் போய்ச் சொன்னேன். அஸ்தி இல்லை, காய்ச்சல் பார்த்தார்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பம் அந்த ஆளு எங்களுக்கும் சேத்துதான் முழிச்சுக் கெடந்திருக்கான். ஒரு சாயா வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். கப்பல் வந்துவிட்டதாம். மாசி கால் கிலோ. விலையைக் கேட்டுவிட்டு நான் ஓடவில்லை.